வெட்டுப்பட்டவருக்கு அரசு பட்ட கடன்

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடை இது. இங்கே மனு, சான்றிதழ், இழப்பீடு என்று நீதிமன்றச் சங்கதிகளைப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்கள் இதைப் பேசாமல் இருக்க முடியாது என்பதால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

நம் பகுதியில் ஒரு வெட்டுச் சம்பவம் நடந்தால் மறுநாள் பத்திரிகையில் எல்லாம் வந்துவிடும். வெட்டியவர் யார், முன்விரோதம் என்ன, எத்தனை பேர் கைது, எந்த ஊரில் போலீஸ் குவிப்பு என்று வரி வரியாக இருக்கும். வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தவரைப் பற்றி, 'பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அதோடு அவர் செய்தியிலிருந்து மறைந்துவிடுவார். அவர் எப்போது வீட்டுக்குப் போனார், கை கால் வழங்கியதா, கடன் எவ்வளவு ஆயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவருக்குச் சட்டம் என்ன தருகிறது, அது ஏன் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை, சேராவிட்டால் என்ன ஆகிறது என்பவையே என் உரையின் பொருள்.

கொற்கையில் நடந்த ஈடு

சிலப்பதிகாரத்தை நாம் மதுரையின் கதையாகவும் புகாரின் கதையாகவும் படிக்கிறோம். அதில் தாமிரபரணி கடலில் கலக்கும் கொற்கைக்கும் ஓர் இடம் உண்டு. கோவலன் கொலையுண்டு, பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்ட பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது காப்பியம். பொய்ப்பழி சொன்னவன் ஒரு பொற்கொல்லன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அரசு செய்த தவறுக்கு அரசு கொடுத்த ஈடு அதுதான். அந்த ஆயிரம் குடும்பங்களுக்கு யார் ஈடு செய்தார்கள் என்று காப்பியம் சொல்லவில்லை.

பழிக்குப் பழி என்ற கணக்கு இந்த ஆற்றங்கரைக்கு அத்தனை பழையது. ஒரு கொலைக்குப் பதில் இன்னொரு கொலை, அந்தக் கொலையோடு சம்பந்தமே இல்லாத, அதே சாதியில் பிறந்த ஒரு பையனின் கொலை என்று இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி காலை, வழக்குக்காக வந்த ஓர் இளைஞரை இதே பாளையங்கோட்டையில் நீதிமன்ற வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். நீதி கிடைக்கும் வாசலில் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

நம் மரபில் வேறு வழிகளும் இருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில், வேட்டையில் அம்பு தவறிப் பட்டு ஓர் ஆள் இறந்துபோனால், எய்தவன் இறந்தவன் பேரில் கோயிலில் நந்தா விளக்கு வைத்து, நெய்க்காக ஆடுகளையும் விட வேண்டும் என்று ஊரார் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. உயிருக்கு உயிர் வாங்காமல் விட்டது பெரிய மனது. ஆனால் நெய் கோயிலுக்குப் போயிற்று, இறந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. உதிரப்பட்டி என்று இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊரைக் காக்கும் சண்டையில் ஒருவன் மடிந்தால் அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். இரத்தம் சிந்தியவன் வீட்டுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அங்கே தெளிவாக நிற்கிறது. நான் இன்று பேசும் சட்டத்தின் வேர் அந்த எண்ணம்தான்.

442 ஆண்டுகள்

நவீன உலகில் இதை மறுபடி உரக்கச் சொன்னவர் இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை. 1950-களில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு வழக்கை எல்லாச் சட்ட மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1951-இல் இருவர் தாக்கியதில் ஒருவருக்குக் கண் பார்வை போயிற்று. நீதிமன்றம் 11,500 பவுன் இழப்பீடு விதித்தது. தாக்கியவர்களிடம் பணம் இல்லை. ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் கட்டினால் போதும் என்று ஆயிற்று. கடைசித் தவணையை வாங்க அந்தக் குருடர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஃப்ரை கணக்குப் போட்டுக் காட்டினார். குற்றவாளியிடமிருந்து வாங்கித் தருகிறேன் என்று அரசு சொல்வது எத்தனை வெற்றுச் சொல் என்பதை அந்தக் கணக்கைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். ஆயுதம் வைத்துக்கொள்ளாதே, நீயே பழி தீர்க்காதே, உன்னைக் காப்பது என் பொறுப்பு என்று குடிமகனிடம் சொல்லும் அரசு, காக்கத் தவறியபோது ஈடு செய்ய வேண்டாமா? 1963-இல் நியூசிலாந்து இதற்குச் சட்டம் செய்தது. 1964-இல் பிரிட்டனில் திட்டம் வந்தது. 1985-இல் ஐ.நா. பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான பிரகடனத்தை நிறைவேற்றியது. நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு, குற்றவாளியிடமிருந்து இழப்பீடு வாங்கித் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அரசே தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற 357ஏ பிரிவு 2009-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2013-இல் தன் திட்டத்தை வெளியிட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவில் அதே உரிமை இடம்பெற்றிருக்கிறது.

சட்டம் சொல்வது

நம் மக்களில் பெரும்பாலோர் நினைப்பது இது: கேஸ் முடியணும், எதிரிக்குத் தண்டனை ஆகணும், அதுக்கப்புறம்தான் பணம். அப்படி இல்லை. இங்கிருந்து நீங்கள் ஒரே ஒரு செய்தியைக் கொண்டுபோவதானால் இதைக் கொண்டுபோங்கள்.

வெட்டியவர் யாரென்றே தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரிந்தால் போதும். அவரோ அவரை நம்பி வாழ்ந்த குடும்பமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்து உரிய இழப்பீட்டை வழங்க வேண்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ அந்தப் பகுதி நீதித்துறை நடுவரோ சான்று கொடுத்தால், வலி தணியும் முன்பே இலவசச் சிகிச்சைக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் உத்தரவிடலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். அமில வீச்சு, சில பாலியல் வன்கொடுமை வழக்குகளில், குற்றவாளி கட்டும் அபராதத்துக்கு மேலாகத்தான் இந்தத் தொகை. ஒன்று வந்தால் மற்றது போய்விடாது.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை என்றால் இன்னொரு வாசலும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகள், 2016-இல் திருத்தப்பட்டவை, மாவட்ட ஆட்சியரிடமே பொறுப்பை ஒப்படைக்கின்றன. உயிரிழப்புக்கு அந்த விதிகள் குறித்த தொகை 8,25,000 ரூபாய். அதில் பாதி, உடற்கூறாய்வு முடிந்ததும் தர வேண்டியது. மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. இதோடு குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவையும் விதிகளில் இருக்கின்றன.

ராஜி பற்றியும் ஒரு சொல். 'அரசுப் பணம் வாங்கிட்டா கேஸ் நிக்காதாம்' என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. இது பொய். கொலையும் கொலைமுயற்சியும் தரப்பார் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத குற்றங்கள். நிவாரணம் வாங்கியதால் வழக்கு ஒரு நூலளவும் தளராது.

ஒரு தாயின் இடது கை

சட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதாது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். பீடி சுற்றுகிறவர். நடைபாதைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் இவருடைய மகனை நோக்கி வீசிய அரிவாளை இடது கையால் தடுத்தார். மகன் தப்பித்துக்கொண்டான். அவருக்குப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகும் நரம்பு அறுந்துபோயிற்று. மருத்துவர்கள் சேர்த்துத் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது.

பீடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டிய இலையை விரலிடுக்கில் பிடித்து, தூளைப் பரப்பி, இரண்டு பெருவிரலும் சேர்ந்து உருட்ட வேண்டும். நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஒரு கைப் பெருவிரல் மடங்காவிட்டால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவர் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தேன். மருத்துவமனையில் கொடுத்த காயச் சான்றிதழில் கொடுங்காயம் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் முக்கியம். சாதாரணக் காயம் என்று எழுதப்பட்டிருந்தால் மனுவே பலமிழந்துபோயிருக்கும். எலும்பு முறிவு, பார்வை இழப்பு, ஓர் உறுப்பு செயலிழப்பு என்று சட்டம் எட்டு வகையாகக் கொடுங்காயத்தைப் பிரித்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 20 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடந்தால் அது கொடுங்காயம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. மருத்துவர் அவசரத்தில் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் ஐந்து வருஷச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது ஊனச் சதவீதம். அவருடைய ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தது. பெண்களுக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டத்தில் அந்த அளவு ஊனத்துக்கு 1 முதல் 2 லட்சம் ரூபாய். உடம்பில் ஊனம் 20-க்கும் கீழே. பிழைப்பில் ஊனம் நூற்றுக்கு நூறு. அட்டவணைக்கு இது தெரியவில்லை.

இதே கை ஒரு லாரி மோதிப் போயிருந்தால் கதை வேறு. உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, வருமானம் ஈட்டும் திறன் இழப்பு வேறு, அவரவர் தொழிலைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்துத் தீர்ப்பாயம் வயதைப் பார்க்கும், வருமானத்தைப் பார்க்கும், பெருக்கிக் கணக்குப் போடும். விபத்து என்றால் கிளெய்ம் போடலாம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டிலைத் தேடி ஆள் வரும். வெட்டுப்பட்டவர் கட்டிலைத் தேடி யாரும் வருவதில்லை. நாலுவழிச் சாலையில் போகும் வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் செய்த நாடு, மனிதன் மனிதனை வெட்டினால் தலைக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டு நிறுத்திக்கொண்டது. காயத்தின் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

செய்தியானவர்களும் ஆகாதவர்களும்

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தமிழகமே அதிர்ந்தது. அரசு சிறப்பு மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அரசு செய்ய வேண்டியவைதான் இவை. 2025 ஜூலை 27-ஆம் தேதி பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஓர் இளம் மென்பொறியாளர் சாதியின் பேரால் வெட்டிக் கொல்லப்பட்டார். நீதி கிடைக்காமல் உடலை வாங்க மாட்டோம் என்று அவர் குடும்பம் நாள்கணக்கில் நின்றது. பணம் ஒன்றும் மகனாகாது என்று அந்தப் பெற்றோர் சொல்லாமல் சொன்னதை நாம் மதிக்க வேண்டும். நிவாரணம் கொடுத்துவிட்டோம் என்று அரசு கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 1992 ஜூனில் அரசு ஊழியர்களின் பாலியல் கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி கிராமத்தின் 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். இடையில் 31 ஆண்டுகள்.

அரசின் கையே அடிக்கும்போது கடன் இரட்டிப்பாகிறது. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மீது நடந்த தடியடியில் தாமிரபரணிக்குள் 17 உயிர்கள் போயின. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் பகுதிக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் சென்றவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அரசின் காவலில் நேர்ந்த கொடுமைக்கு அரசே நேரடியாக ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் ருதுல் ஷா வழக்கிலும் 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கிலும் வழிகாட்டிவிட்டது. அந்த வழி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் போகும்.

நான் கவலைப்படுவது இந்தப் பெரிய பெயர்களுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி. கேமரா வந்த வீட்டுக்கு அமைச்சர் வருகிறார், அறிவிப்பு வருகிறது. கேமரா வராத வீடுகள் சேரன்மகாதேவியிலும் முக்கூடலிலும் களக்காட்டிலும் எத்தனையோ இருக்கின்றன. அறிவிப்பு என்பது ஆள்பவரின் மனத்தைப் பொறுத்தது. சட்டப்படியான இழப்பீடு யார் ஆண்டாலும் வர வேண்டியது. இரண்டாவதை நாம் கேட்காமல் விட்டுவிட்டு, முதலாவதற்காகச் சாலை மறியல் செய்துகொண்டிருக்கிறோம்.

முந்திக்கொள்ளும் பணம்

இப்போது என் உரையின் மையத்துக்கு வருகிறேன். அரசின் பணம் தாமதமானால் குற்றவாளியின் பணம் முந்திக்கொள்ளும்.

வெட்டுப்பட்டவர் வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகும். கந்துவட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தை நெரிக்கும். அப்போது ஒருநாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வருவார்கள். 'ஏல, நடந்தது நடந்துபோச்சு. அவன் பக்கம் இவ்வளவு தாரேங்கான். வாங்கி ஆஸ்பத்திரிக் கடனை அடை. கோர்ட்டுல கேட்டா இருட்டுல ஆள் தெரியலைன்னு சொல்லிரு' என்பார்கள். ராஜியைச் சட்டம் ஏற்காது என்பதால் சாட்சியைப் பிறழச் செய்வார்கள். வழக்கு விடுதலையாகும். வெட்டியவன் ஊருக்குள் நிமிர்ந்து நடப்பான். பணம் வாங்கிக்கொண்ட அவமானம் அந்த வீட்டுப் பையனின் நெஞ்சில் கங்காகக் கனன்றுகொண்டிருக்கும். பத்து வருஷம் கழித்து அவன் அரிவாளை எடுத்தால், போலீஸ் அதை முன்விரோதம் என்று எழுதும்.

இந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம்? அந்த முதல் சில வாரங்களில்தான் அறுக்க முடியும். ஆஸ்பத்திரிக் கடனை அரசு அடைத்திருந்தால், பெரியவர்கள் வந்த அன்று அந்தக் குடும்பம் வாசலில் வைத்தே அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கும். இழப்பீடு என்பது காயத்துக்கு மருந்து மட்டும் இல்லை, சாட்சிக்கு முதுகெலும்பு. அடுத்த கொலையைத் தடுக்கும் காவலும் அதுவே. கொற்கையில் தொடங்கிய கணக்கை அரிவாள் இல்லாமல் தீர்க்க அரசுக்கு உள்ள நேர்வழி இது.

செய்ய வேண்டியவை

மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காயச் சான்றிதழில் காயத்தின் நீள அகலத்தோடு, எந்த நரம்பு, எந்த அசைவு போயிற்று என்பதையும் எழுதுங்கள். காவல் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுப்பது சட்டக் கடமை. அதைக் கொடுக்கும் கையாலேயே, இழப்பீடு கேட்கலாம் என்ற தகவலையும் கொடுங்கள். நீதிபதிகளுக்கு 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது: ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும், தந்தாலும் தராவிட்டாலும் காரணம் எழுத வேண்டும். அந்தப் பத்தி இல்லாத தீர்ப்பு முழுமையான தீர்ப்பு ஆகாது.

ஐகிரவுண்டு மருத்துவமனையிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் தினமும் இருக்க வேண்டும். வெட்டு, குத்து என்று பதிவாகும் ஒவ்வொரு கட்டிலுக்கும் அவர் போக வேண்டும். விபத்துக் கட்டிலைத் தேடி ஆள் போகும்போது இந்தக் கட்டிலுக்கும் போக முடியும்.

சட்ட மாணவர்களே, மனு எழுதப் பெரிய புலமை தேவையில்லை. சம்பவம் எப்போது, எங்கே நடந்தது, எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, என்ன காயம், என்ன தொழில், அந்தத் தொழிலை இப்போது செய்ய முடிகிறதா, இதுவரை எவ்வளவு செலவு என்று எழுதி, முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த குறிப்பு, வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றின் நகல்களை இணைத்தால் மனு தயார். மனுக் கொடுக்கக் கால வரம்பு உண்டு, ஆகவே கட்டிலில் இருக்கும்போதே கொடுப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் வழக்கறிஞர் இலவசம்.

அவையோரே, நம் ஊரில் துக்க வீட்டுக்கும் காயம்பட்டவர் வீட்டுக்கும் போய் விசாரிப்பதை யாரும் தவறவிடுவதில்லை. ஆர்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு போகிறோம், ஆறுதல் சொல்கிறோம், வருகிறோம். இனிமேல் போகும்போது ஒரு மனுவையும் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நீங்களே கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். அரசு பட்ட கடனை அரசிடமே கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.